மணலெழுத்தும் மதராஸ் முறையும்: மொழி கடந்த ஒரு கற்பித்தல் முறை பற்றிய மறுமதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

சென்னை எழும்பூர் ஆண்பிள்ளைகள் காப்பகத்தில் 1789 முதல் 1796 வரை ஆண்ட்ரு பெல் நடத்திய பயிற்சியிலிருந்து உருவாகி, இங்கிலாந்தில் ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்ற கற்பித்தல் முறை தமிழகத் திண்ணைப் பள்ளிகளுக்குக் கடன்பட்டது என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. இதுவரை எழுதப்பட்டவை அக்கடனை நிறுவுவதிலும் மறுப்பதிலுமே பெரிதும் கவனம் செலுத்தியுள்ளன. மணலில் எழுதிப் பழகுதல் என்பது ஓர் எழுத்துமுறையின் இயல்போடும் கற்பவரின் பேச்சுமொழியோடும் பிணைந்த பயிற்சி. அப்பிணைப்பு அறுந்தபோது அது மொழியைக் கற்பிக்கும் முறையாக நில்லாமல் வகுப்பை நிருவகிக்கும் முறையாக மாறியது என இக்கட்டுரை வாதிடுகிறது. 1706ஆம் ஆண்டுத் தரங்கம்பாடி நிகழ்வும், இன்றைய தென்சென்னைப் புறநகரில் பிறமொழிக் குழந்தைகள் தமிழ் பயிலும் சூழலும் இவ்வாதத்தின் வழி நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திண்ணைப் பள்ளி, மணலெழுத்து, ஆண்ட்ரு பெல், சட்டாம்பிள்ளை, அரிச்சுவடி, மொழி கற்பித்தல்

1. சிக்கல்

தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றை எழுதுவோர் ஆண்ட்ரு பெல்லின் பெயரைக் குறிப்பிடாமல் கடப்பது அரிது. மேடைப் பேச்சிலும் அவர் இடம்பெறுவதுண்டு. திண்ணையில் மணல் பரப்பி எழுதிய நம் பிள்ளைகளைக் கண்டு வியந்த வெள்ளைக்காரர் ஒருவர் அம்முறையைச் சீமைக்குக் கொண்டுபோனார், அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு பரவியது என்பது அப்பேச்சின் சாரம். இச்செய்தியில் பிழை மிகுதியில்லை. ஆனால் கொண்டுபோனது எது, அது போய்ச் சேர்ந்த இடத்தில் என்னவாயிற்று என்னும் வினாக்களை இப்பெருமிதம் எழுப்புவதில்லை.

இப்பெருமிதத்திற்குச் சான்று தந்தோர் ஆங்கிலேயரே. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை 1814இல் வங்காளத்திற்கு அனுப்பிய கல்வி மடல், இந்நாட்டு ஆசிரியர்கள் தொன்றுதொட்டுக் கையாண்ட முறை மதராஸின் முன்னாள் குருவான பெல்லின் வழியாக இங்கிலாந்தில் ஏற்கப்பட்டதை அம்முறைக்குக் கிடைத்த பெரும் பாராட்டாகச் சொன்னது. பல்லாரி மாவட்டத் தண்டலர் கேம்பல் 1823இல் எழுதிய அறிக்கை, முன்னேறிய மாணாக்கர் பின்தங்கியோர்க்குக் கற்பிக்கும் வழக்கம் போற்றத்தக்கது என்றும், இங்கிலாந்தில் அது பின்பற்றப்பட்டது பொருத்தமே என்றும் கூறிற்று. தரம்பால் 1983இல் வெளியிட்ட ‘அழகிய மரம்’ என்னும் பொருளுடைய ஆங்கில நூலில் இவ்வாவணங்களைத் தொகுத்த பின்னர், அவை பொதுவழக்கில் நிலைபெற்றன. திண்ணைப் பள்ளியின் கணக்குப் பயிற்சியைப் பற்றிச் செந்தில்பாபுவும், எழுத்தர் உலகத்தோடு அப்பள்ளிக்கிருந்த உறவைப் பற்றிப் பவானி ராமனும் செய்துள்ள ஆய்வுகள் இப்பொருளை வெகுவாக ஆழப்படுத்தியுள்ளன. எனினும், மணலெழுத்து முறையை மொழி கற்பித்தலின் நோக்கில் ஆராய்ந்து, தமிழெழுத்துக்காக அமைந்த பயிற்சி ஆங்கில எழுத்துக்கு மாற்றப்பட்டபோது நேர்ந்தது யாது எனக் கேட்டவை மிகச் சிலவே.

2. எழும்பூரில் நிகழ்ந்தது

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1753இல் பிறந்த பெல், இளமையில் அமெரிக்க வர்ஜீனியாவில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்தவர். 1787இல் சென்னைக்கு வந்து படைகளுக்குரிய குருப்பதவிகள் பலவற்றைப் பெற்றார். 1789இல் எழும்பூரில் தொடங்கிய ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் கண்காணிப்பை ஊதியம் பெறாமலே ஏற்றார். அங்குச் சேர்க்கப்பட்ட சிறுவர்கள் ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள்; அவர்களுட் பெரும்பாலோர்க்குத் தாய்மார் இந்தியப் பெண்கள்.

ஒருநாள் காலை குதிரையில் சென்றபோது ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றில் பிள்ளைகள் தரையிலமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பெல் கண்டார் என்று, ராபர்ட் சௌதியும் அவர் மகனும் எழுதி 1844இல் வெளிவந்த வரலாறு கூறும். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் ‘மலபார்’ என்றே வழங்கினர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. காப்பகத்திற்குத் திரும்பிய பெல், தொடக்க வகுப்பிற்கு எழுத்துகளை அவ்வாறே கற்பிக்கும்படி உதவி ஆசிரியரைப் பணித்தார். அவர் அது இயலாதென்றார். அவரை மாற்றமுடியாத பெல், ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியருக்கு இயலாதது சிறுவனுக்கு இயன்றது. பின்னர் வகுப்பு வகுப்பாகச் சிறுவர்களே கற்பிக்கும் ஏற்பாடு விரிந்தது. 1796இல் சென்னையை நீங்கிய பெல், மறு ஆண்டு லண்டனில் தம் சோதனையைச் சிறு நூலாக வெளியிட்டார்.

இவ்வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. மணலைத் தாம் தமிழ்ப் பள்ளியிலிருந்து பெற்றதைப் பெல் மறைக்கவில்லை. சிறுவரே சிறுவர்க்குக் கற்பிப்பதைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே இறுதிவரை உரிமை கொண்டாடினார். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை எங்கும் இருந்தவர். மணலைக் கண்ட கண்ணுக்குச் சட்டாம்பிள்ளை தென்படாமற்போனாரா என்று ஐயுறுவது இயல்பு. ஆயினும் பெல்லின் கூற்றைப் பொய்யென முடிவுகட்ட அந்த ஐயம் மட்டும் போதாது. ஒரு நெருக்கடியில் அவர் தாமாகவே அவ்வழியை அடைந்திருக்கவும் கூடும். உரிமை யாருக்கு என்னும் வழக்கைத் தீர்ப்பதைவிட, அவர் தம் கடனாக எதை அறிந்திருந்தார் என்பதைக் கவனிப்பதே பயனுடையது. மணலை அவர் கண்டது சிக்கனமான, அழித்து எழுதத்தக்க, பிள்ளையின் கவனத்தை ஈர்க்கும் ஒரு கருவியாக. குதிரைமேலிருந்து பார்ப்பவர்க்குத் தென்படக்கூடியது அவ்வளவே.

காப்பகத்தின் நோக்கத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். தாய்வழியாக வந்தவை எனப் பெல் கருதிய பழக்கங்களிலிருந்து அச்சிறுவர்களைப் பிரித்து வளர்ப்பது அவருடைய வெளிப்படையான குறிக்கோள். காலனியக் கல்வியின் தொடக்கத்தைப் பற்றிய தம் 2019ஆம் ஆண்டு நூலில் யானா சுரேனெவ் இதனை விரிவாகக் காட்டியுள்ளார். தாயின் ஊரிலிருந்து பெற்ற எழுத்துப் பயிற்சியைக் கொண்டே தாயின் உலகத்திலிருந்து மகனைப் பெயர்த்தெடுத்த முரண், மதராஸ் முறையின் பிறப்பிலேயே அமைந்துவிட்டது.

3. திண்ணையில் மணலின் இடம்

திண்ணைப் பள்ளியில் மணல் தனித்து நின்றதில்லை. ஏடு தொடங்கிய பிள்ளை மணலில் எழுத்தை வரையும்போதே அதன் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். அனா, ஆவன்னா, இனா, ஈயன்னா என்று ஓடும் இப்பெயர்கள் எழுத்தின் ஒலியைத் தம்முள் கொண்டவை. குறிலுக்கும் நெடிலுக்கும் வெவ்வேறு ஈறு பெறுபவை. பிள்ளையின் விரல், கண், நாக்கு, செவி நான்கும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைப் பற்றுகின்றன. இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வால்லே 1623இல் இக்கேரியில் கண்ட காட்சியும் இத்தகையதே. சிறுவர் நால்வர் தரையில் மணலைத் தூவி எண்களை எழுதியபடி அவற்றை இசைபோல ஓதிக்கொண்டிருந்தனர். ஓதுதலும் எழுதுதலும் இணைந்தே நிகழ்ந்ததை அவர் குறித்துவைத்தார். பெல் காலத்துக்கு ஏறத்தாழ 170 ஆண்டு முந்திய அயலாரின் இக்குறிப்பு பெல்லின் குறிப்பைவிடக் கூர்மையானது.

அடுத்துவருவது மனப்பாடம். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நிகண்டு, எண்சுவடி என நீளும் திண்ணைப் பாடத்தில் பெரும்பகுதி நெட்டுரு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அலுவலர்களும் மறைப்பணியாளர்களும், பிற்காலத் தமிழ்ச் சீர்திருத்தக்காரர்களும் இதனை ஒருமித்துக் கண்டித்தனர். பிள்ளைகள் பேசும் மொழி வேறு, அவர்கள் உருப்போடும் செய்யுளின் மொழி வேறு, பொருளறியாமல் கிளிபோல் ஓதுகின்றனர் என்பது கேம்பல் முன்வைத்த குறை. இக்குறையில் உண்மை உண்டு. ஆனால் ஓலைச்சுவடியின் எழுத்தியல்பை அறியாமல் வைக்கப்பட்ட குறை அது.

சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடா. ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஏட்டில் ஒன்றே. நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒத்திருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. இத்தகைய ஏட்டை எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாது. செய்யுள் முன்பே காதிலும் நாவிலும் நின்றால்தான் கண்ணுக்கு அது பிடிபடும். சுவடிகளைப் படிக்கக் கற்போர் இன்றும் இதை உணர்வர். அப்படியானால் நெட்டுரு என்பது படிப்பதற்கு மாற்றாக வந்த சோம்பேறித்தனமன்று. படித்தலுக்கே அதுதான் முன்தேவை. நினைவிலுள்ள செய்யுள் ஏட்டிலுள்ள வரிக்கு உயிர் தந்தது. வீரமாமுனிவர் பெயரோடு வழங்கும் நெடில் வேறுபாடும், அச்சு தந்த புள்ளியும் இடைவெளியும் பரவிய பின்னரே இத்தேவை குறைந்தது. தேவை குறைந்த பின்னும் நெட்டுருவைத் தொடர்ந்ததுதான் பிற்காலப் பள்ளியின் பிழை. திண்ணையின் பிழை அது அன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பாராமல் ‘மனப்பாடக் கல்வி’ என்று ஒரே பழியைச் சுமத்துவது இன்றும் நம் கல்வி எழுத்துகளில் நின்றபாடில்லை.

திண்ணையைப் புனிதப்படுத்தவும் வேண்டுவதில்லை. தாமஸ் மன்றோ ஆளுநராயிருந்தபோது மாவட்டந்தோறும் திரட்டி, 1826இல் தொகுத்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள். மாணாக்கர் 1,88,650 பேர். அவர்களுள் பெண்பிள்ளைகள் 4,540 பேரே. ஊர்த்திண்ணையில் அமர இடம்பெறாத சாதிகள் பல. தண்டனைகளோ கொடியவை. பள்ளிக்கு முதலில் வந்தவன் உள்ளங்கையில் கலைமகள் பெயர் எழுதப்படும், இரண்டாமவன் கையில் சுழியம், மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடி, அதன்பின் வருவோர்க்கு ஒவ்வொன்றாகக் கூடும் அடிகள் எனக் கேம்பல் எழுதியது கடுமை குறைந்த பகுதி. கைகளைக் கயிற்றில் பிணைத்து உத்தரத்தில் தொங்கவிடும் கோதண்டத்தைத் தமிழ் நினைவுக்குறிப்புகள் மறக்கவில்லை.

4. ஆங்கில எழுத்தும் மணலும்

தமிழெழுத்து ஒவ்வொன்றின் பெயரும் அதன் ஒலியைத் தாங்கியிருப்பதால், அரிச்சுவடியை முடித்த பிள்ளை எழுத்தையும் ஒலியையும் ஒருங்கே பெற்றுவிடுகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 என்பது பெரிய எண்ணாகத் தோன்றினாலும், ஒரு வரிசையைப் பழகிய பிள்ளைக்கு ஏனைய வரிசைகள் பெரும்பாலும் அதன் அச்சிலேயே வருவன. கானா, காவன்னா என்று விரலோடு நாக்கும் ஓடும் இப்பயிற்சியின் முடிவில் பிள்ளை கையில் இருப்பது தன் மொழியின் ஒலிகளுக்கான முழு வரைபடம். தாய்மொழியாகத் தமிழைப் பேசிக்கொண்டே வந்த பிள்ளை ஆதலின், வரைபடத்திற்குரிய நிலத்தை அது முன்பே அறியும்.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26தான். ஆனால் ‘எச்’ என்னும் பெயரிலோ ‘டபிள்யூ’ என்னும் பெயரிலோ அவ்வெழுத்துகளின் ஒலி இல்லை. தோ, த்ரூ, டஃப் என மூன்று விதமாக ஒலிக்கும் ஆங்கிலச் சொற்கள் மூன்று ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. 26 எழுத்துகளையும் மணலில் பிழையற எழுதக் கற்ற பிள்ளை இன்னும் ஒரு சொல்லையும் படிக்கக் கற்றதாகாது. எழுத்தின் வடிவத்தைக் கைக்குப் பழக்குவதில் மணல் அங்கும் உதவிற்று. இடவலம் மாறினால் வேறெழுத்தாகிவிடும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளைப் பிரித்தறியத் தமிழைக் காட்டிலும் கூடுதலாகவே உதவியிருக்கும். ஆனால் அது வடிவப் பயிற்சியோடு நின்றது.

இவ்விடைவெளியை நிரப்பப் பெல் மேற்கொண்ட முயற்சி கவனத்துக்குரியது. சொற்களை அசைகளாகப் பிரித்து, ஓரசைச் சொற்களை முதலிலும் பல்லசைச் சொற்களைப் பின்னரும் பயிற்றுவித்தார். எழுத்தெழுத்தாக ஓயாமல் திரும்பச் சொல்லும் பழைய எழுத்துக்கூட்டலைக் குறைத்தார். உயிர்மெய்யால் அமைந்த எழுத்துமுறையில் இயல்பாகவே கிடைக்கும் அசையுணர்வை, அகரவரிசை எழுத்துமுறைக்குள் செயற்கையாக வருவிக்கும் முயற்சி என்று இதனைக் கூறலாம். உயிர்மெய் அமைப்பைப் பெல் அறிந்து இவ்வாறு செய்தார் என்பதற்கு ஆதாரமில்லை. அறியாமலே அதே தேவையை எதிர்கொண்டார் என்பதுதான் இங்கே பொருட்படுத்தத்தக்கது. மதராஸ் முறையில் மொழி கற்பித்தல் என்று சொல்லத்தகுந்த பகுதி உண்டாயின் இதுவே. விந்தை யாதெனில், பெல்லைப் புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் பேசாமல் விட்டதும் இப்பகுதியைத்தான்.

5. பதினைந்து பேரும் ஆயிரம் பேரும்

1798இல் லண்டன் ஆல்ட்கேட் பகுதியின் புனித பொட்டால்ஃப் பள்ளி பெல்லின் முறையை ஏற்றது. அதே ஆண்டில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் சதர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். மணல் மேசையும் சிறுவர் ஆசிரியரும் அவர் பள்ளியிலும் இடம்பெற்றன. பெல்லின் நூலுக்குத் தாம் பட்ட கடனை அவர் முதலில் ஒப்புக்கொண்டார். திருச்சபையினர் பெல்லின் பக்கமும் ஏனைய சபையினர் லங்காஸ்டர் பக்கமுமாகப் பிரிந்து, யார் முதல்வர் என்று நெடுநாள் பூசலிட்டனர். இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் 1811இல் அமைந்த தேசியக் கழகம் பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பிற்று. 1832இல் இறந்த பெல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கொடையால் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்னும் பெயரோடு நடைபெறுகிறது.

இங்கிலாந்தைக் கவர்ந்தது எது என்பதற்கு எண்களே விடை தரும். மன்றோ கணக்கின்படி வகுத்துப் பார்த்தால், சென்னை மாகாணத்தில் ஒரு பள்ளிக்குச் சராசரியாக 15 பிள்ளைகள். லங்காஸ்டரோ ஓர் ஆசிரியர் 1,000 பிள்ளைகளை நடத்தமுடியும் என்றார். பதினைந்து பேரில் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பது வீட்டில் அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போன்றது. ஒவ்வொருவனும் தன் ஏட்டில் தன் பாடத்தில் இருப்பான்; சட்டாம்பிள்ளை அவனவன் விட்ட இடத்திலிருந்து முறை கேட்பான்; தவறினால் வாத்தியார் அருகிலேயே இருக்கிறார். ஆயிரம் பேரின் கூடத்தில் நிலைமை வேறு. அங்கே சிறுவன் ஆசிரியரின் கட்டளையைக் கடத்தும் கண்ணி. ஒரே அசைவில் கையுயர்த்தி, ஒரே அசைவில் மணலை அழித்து, ஒரே குரலில் விடைசொல்லும் ஒழுங்கே அங்குக் கல்வியாக எண்ணப்பட்டது. தொழிற்சாலை எழுந்த காலத்து இங்கிலாந்துக்கு அவ்வொழுங்கு மிகவும் வேண்டியிருந்தது, செலவும் குறைவு.

பெல்லுக்கு ஒரு நியாயம் செய்யவேண்டும். அடியை அவர் வெறுத்தார். குற்றங்களை ஏட்டில் பதிந்து, சிறுவர்களையே நடுவராக வைத்து வாரந்தோறும் விசாரிக்கும் ஏற்பாடு எழும்பூரில் இருந்தது. லங்காஸ்டர் அடியை நீக்கினாலும், தவறிய பிள்ளையைக் கூடையிலிட்டுக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். திண்ணையின் கோதண்டமும் லண்டனின் கூடையும் ஒன்றையொன்று அறியாமலே ஒத்துப்போயின. எதை இரவல் பெறுகிறோம் என்பதில் எந்த நாடும் முழுக் கவனம் செலுத்துவதில்லை போலும்.

பின்னர் இம்முறை கடல் கடந்து மீண்டும் இந்தியாவுக்கே வந்தது. 1814இல் வங்காளத்துச் சின்சுராவில் ராபர்ட் மே தொடங்கிய பள்ளிகளும், மறைப்பணி அமைப்புகள் பிற இடங்களில் நடத்திய பள்ளிகளும் இதனை ஐரோப்பியப் புதுமையாகவே பின்பற்றின. திண்ணை ஆசிரியர்க்கு அவர் முறையையே சீமைச் சரக்காக விற்ற கதை என்று இதனை நகைப்போர் உண்டு. அந்நகைப்பு முற்றும் பொருந்தாது. திரும்பி வந்தது வகுப்புப் பிரிப்பும் பதிவேடும் அட்டவணையும் கொண்ட வேறொரு பொருள். ஓதலும் செய்யுளும் எண்சுவடியும் அதில் இல்லை. மணல் மட்டும் பழைய மணலாக இருந்தது. அதுவும் விரைவில் கற்பலகைக்கு இடம்விட்டது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுதும் விரிந்த செயல்வழிக் கற்றல் முறையில், பிள்ளைகள் தத்தம் படிநிலையில் நின்று பயில்வதும் ஒருவர்க்கொருவர் உதவுவதும் மீண்டும் வந்தன. ஆந்திரத்து ரிஷிவேலியிலிருந்து கற்ற முறையாக அது அறிமுகமாயிற்று. ஒரு பள்ளிக்கூடத்தில் பல படிநிலைப் பிள்ளைகள் என்னும் அமைப்பில் அது பெல்லைக் காட்டிலும் திண்ணைக்கு நெருக்கமானது.

6. தரங்கம்பாடியில் ஒரு முன்நிகழ்வு

தமிழ் மணலெழுத்து அயலாரைச் சென்றடைந்தது பெல் காலத்தில் மட்டுமன்று. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காக உள்ளூர் ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுபிள்ளைகளோடு தரையிலமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். பெல் குதிரைமேலிருந்து பார்த்ததைச் சீகன்பால்கு தரையிலிருந்து செய்தார். எழுத்து விரைவில் கைவந்தது, வாசிப்பும் வந்தது. ஆனால் வாசித்தது விளங்கவில்லை. ஆசிரியருக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. இவருக்குத் தமிழ்ப் பேச்சு தெரியாது. அருகிலிருந்த பிள்ளைகளுக்கு அதே மணல் போதுமானதாக இருந்தது, ஏனெனில் எழுத்தாக மாறவேண்டிய சொற்கள் அவர்கள் வாயில் முன்பே இருந்தன.

பின்னர் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்த அழகப்பன் என்பாரை அமர்த்திக்கொண்ட பிறகே சீகன்பால்குக்குப் பொருள் புலப்படத் தொடங்கியது. எழுத்துக்கு ஓர் ஆசிரியர், பேச்சுக்கு ஓர் ஆசிரியர் என இருவர் வேண்டியிருந்தனர். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பித்த வரலாற்றில் இந்நிகழ்வுக்குரிய இடம் இன்னும் அளிக்கப்படவில்லை. அச்சும் மொழிபெயர்ப்பும் பேசப்படும் அளவுக்குச் சீகன்பால்கு என்னும் மாணவர் பேசப்படுவதில்லை. மணலெழுத்து முறையின் எல்லையைத் தம் அனுபவத்தில் உணர்ந்து, அதனைச் சரிசெய்துகொண்ட முதல் அயலார்களுள் அவர் ஒருவர். பெல்லுக்கு அவ்வெல்லை தெரிய வாய்ப்பே இல்லை. அவர் தமிழ் கற்க மணலை நாடவில்லை; தம் மொழியைக் கற்பிக்கவே நாடினார்.

7. தென்சென்னைப் புறநகரில் இன்று

இவ்வெல்லை வெறும் வரலாற்றுச் செய்தியன்று. பரங்கிமலை ஒன்றியத்தைச் சேர்ந்த கோவிலம்பாக்கமும் அதனை அடுத்த மேடவாக்கம், பள்ளிக்கரணை, கீழ்க்கட்டளைப் பகுதிகளும் ஏரியும் வயலுமாயிருந்த நிலையிலிருந்து சில பத்தாண்டுகளில் அடுக்ககங்களாக மாறியவை. கட்டுமானத்துக்கும் கணினித் தொழிலுக்கும் வந்தவர்களால் இந்தி, ஒடியா, வங்காளம், தெலுங்கு, நேபாளி பேசும் குழந்தைகள் தமிழ்க் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர்கின்றனர். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி, தாய்மொழி எதுவாயினும் பள்ளிப் பிள்ளைகள் தமிழைப் பாடமாகப் பயிலவேண்டும். சட்டம் வகுப்பறைக்குள் கொண்டுவந்த சிக்கல், எழும்பூர்ச் சிக்கலின் மறுபக்கம். அங்கே தமிழ்நாட்டு முறை ஆங்கில எழுத்துக்குச் சென்றது. இங்கே தமிழ் எழுத்து தமிழ் பேசாத பிள்ளைக்குச் செல்கிறது.

இந்தி பேசும் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். அதன் நெடுங்கணக்கும் உயிர், மெய், உயிர்மெய் என்னும் ஒழுங்கில் அமைந்ததே; ககர வரிசை தொடங்கி மகர வரிசை வரையிலான அடுக்கு அதற்குப் பழக்கமானது. அரிச்சுவடி அதற்கு எளிதாகவே தோன்றும். இடர் அதற்குப் பின் வருகிறது. வல்லினத்துள் ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துகளைக் கொண்ட நெடுங்கணக்கில் பழகிய செவிக்கு, தமிழின் ஒரே ககரம் பக்கம், தங்கம், அகம் என்னும் மூன்று சொற்களில் மூன்று விதமாக ஒலிப்பது புதிர். எங்கு எவ்வொலி என்பதை எழுத்து காட்டுவதில்லை. சொல்லின் இடம் காட்டுகிறது. தமிழ்க் குழந்தை இவ்விதியை ஒருநாளும் கற்பதில்லை, அதன் நாவே அறியும். அரிச்சுவடி இவ்விதியைச் சொல்லாமல் விட்டது குறையன்று. சொல்லவேண்டிய பிள்ளை அன்று திண்ணையில் இல்லை. ஒடியா, வங்காளக் குழந்தைகளுக்கும் இதே இடர் உண்டு. தெலுங்குக் குழந்தைக்கு ழகரமும் றகரமும் வேறு தொல்லை தரும்.

இதற்குமேல் இரட்டை வழக்கு வேறு. விளையாட்டிடத்தில் ‘வந்துட்டான்’ என்று கேட்ட பிள்ளை, பாடநூலில் ‘வந்துவிட்டான்’ என்பதைக் காண்கிறது. கேம்பல் 1823இல் செய்யுளைப் பற்றிச் சொன்ன குறை இக்குழந்தைக்கு உரைநடையிலேயே எழுகிறது. தமிழ்க் குழந்தை வீட்டிலும் தொலைக்காட்சியிலும் இரண்டையும் கேட்டு, தானே இணைத்துக்கொள்கிறது. இக்குழந்தைக்கு அவ்விணைப்பை எவரேனும் செய்துகாட்டவேண்டும். தமிழை அயல்மொழியாகக் கற்பிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும், சிங்கப்பூரின் தமிழ் வகுப்புகளும் பேச்சுத் தமிழுக்குப் பாடத்தில் இடம்தருவது பற்றி நெடுங்காலமாக விவாதித்து, தத்தமக்கு ஏற்ற வழிகளை வகுத்துள்ளன. அவ்விவாதம் தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளியை இன்னும் எட்டவில்லை. இங்கே தமிழ் எல்லோர்க்கும் தாய்மொழி என்னும் எண்ணத்திலேயே முதல் வகுப்பின் முதல் பக்கம் அமைகிறது.

இத்தகைய வகுப்பில் பெரும்பாலும் உடனடியாக உதவிக்கு வருவது அருகிலிருக்கும் தமிழ்க் குழந்தைதான். ஆறு மாதம் முன்னால் வந்த ஒடியாப் பிள்ளை புதிதாக வந்த ஒடியாப் பிள்ளைக்குப் பொருள் சொல்வதும் நிகழக்கூடியதே. சட்டாம்பிள்ளை முறையின் பயன் இங்கேதான் தெளிவாகிறது. எண்ணிக்கையைச் சமாளிக்க அன்று. ஆசிரியர் அறியாத மொழியை ஒரு குழந்தை அறிந்திருப்பதால். எழும்பூரில் ஃபிரிஸ்கன் கற்பித்தது ஆசிரியர் மறுத்ததை. இங்கே ஒரு குழந்தை கற்பிப்பது ஆசிரியரால் இயலாததை. பாடத்திட்டத்தில் இதற்கு நேரம் ஒதுக்குவது, பக்கம், தங்கம், அகம் போன்ற சொற்களை எழுத்துக்கு முன்னர் வாயில் பழக்குவது, பேச்சு வடிவத்தையும் எழுத்து வடிவத்தையும் அருகருகே வைத்த சிறு வாசிப்புநூல் ஒன்றைப் பிறமொழிப் பிள்ளைகளுக்கென ஆக்குவது ஆகியவை பெருஞ்செலவு வேண்டாதவை. சீகன்பால்கு தம் கைப்பொருளில் இரண்டாம் ஆசிரியரை அமர்த்திக்கொண்டார். கோவிலம்பாக்கத்துப் பள்ளியில் அந்த இரண்டாம் ஆசிரியரின் இடம் காலியாக உள்ளது. அவ்விடத்தில் இப்போதைக்கு அமர்ந்திருப்பது ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று.